போஸ்ட் கார்டில் படை நடத்தியவர்

சாயங்காலம் நம் கிளப் ஹவுஸ் பக்கம் போனால் பார்க்கலாம். பிள்ளைகள் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் செஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவனோடு அல்ல. ஒருவனுக்கு எதிராளி பிரேசிலில், இன்னொருவனுக்கு போலந்தில். முகம் பார்க்காமல் இதென்ன விளையாட்டு என்று நம்மில் பெரியவர்கள் சிலர் சலித்துக்கொள்வதும் காதில் விழுகிறது. அந்தச் சலிப்புக்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் ஒருவருடைய கதை இருக்கிறது. பெயர் பால் கெரெஸ். எஸ்தோனியா என்ற சின்ன நாட்டுக்காரர். செஸ் உலகத்தில் பெரிய பெயர். முகம் தெரியாத எதிராளிகளோடு ஆடியே ஆளானவர்.

சதுரங்கம் என்ற சொல்லுக்கே நால்வகைப் படை என்றுதான் பொருள். யானை, குதிரை, தேர், காலாள். பொம்மைப் படைகளை மேஜைமேல் நிறுத்திச் சண்டை போடும் விளையாட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று இதைச் சொல்லலாம். வெளிநாடுகளில் இன்றும் ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் சிப்பாய்ப் பொம்மை செய்து, மேடு பள்ளம் அமைத்து, அளவு நாடா வைத்துப் படை நகர்த்தி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிராளி வேறு ஊரில் இருந்தால் கேமரா வைத்து, இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி மேஜை அமைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அவர் தன் படையை நாலு அங்குலம் நகர்த்தினால் இவர் வீட்டிலும் அந்தப் படை நாலு அங்குலம் நகர வேண்டும். இங்கே ஒரு பலகை, அங்கே ஒரு பலகை, இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் தூரத்து விளையாட்டின் அடிப்படை. வங்கியில் கிளைக் கணக்கும் தலைமை அலுவலகக் கணக்கும் ஒத்துப்போவது மாதிரி.

கெரெஸ் பிறந்தது 1916 ஜனவரி 7, நார்வா என்ற ஊரில். அப்போது அது ரஷ்யப் பேரரசின் கையில். 1918-இல் எஸ்தோனியா தனிநாடானது. குடும்பம் பின்னால் பார்னு என்ற கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ஆடுவதைப் பார்த்து அண்ணன் ஹெரால்டும் தம்பி பாலும் செஸ் கற்றுக்கொண்டார்கள். (அண்ணன் பிற்காலத்தில் பெரிய இயற்பியல் அறிஞர் ஆனார்.) செய்தித்தாளில் வரும் செஸ் புதிர்களைப் போட்டுப் பார்த்துத்தான் நகர்த்தல்களை எழுத்தில் குறிக்கும் முறையே இருவருக்கும் பிடிபட்டது.

பார்னுவில் நல்ல ஆட்டக்காரர்கள் அதிகம் இல்லை. புத்தகமும் கிடைக்காது. கிடைத்த இடத்திலெல்லாம் கண்ணில் பட்ட ஆட்டங்களைப் பையன் கையாலேயே நகல் எடுத்துவைத்துக்கொண்டான். ஏறக்குறைய ஆயிரம் ஆட்டங்கள் அப்படிச் சேர்ந்தன. லெட்ஜர் எழுதிப் பழகிய எனக்கு இந்த இடத்தில் அந்தப் பையன் மேல் தனி மரியாதை. கையால் எழுதினால் மனதில் தங்கும்.

புத்தகக் குறை அப்படித் தீர்ந்தது. எதிராளிக்கு என்ன செய்வது? பள்ளிக்கூடத்துப் பையன் தபாலைப் பிடித்துக்கொண்டான்.

தபால் செஸ் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் என் நகர்த்தலை ஒரு கார்டில் எழுதி உங்களுக்கு அனுப்புவேன். உங்கள் வீட்டுப் பலகையில் அந்தக் காயை நகர்த்தி, யோசித்து, உங்கள் பதிலை எழுதி அனுப்புவீர்கள். அதில் என் முந்தைய நகர்த்தலையும் ஒரு முறை திருப்பி எழுத வேண்டும், நான் எழுதியதை நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள் என்று தெரிவதற்கு. யோசிக்க இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. தபால் வழியில் கழிந்த நாட்கள் அதில் சேராது. கார்டு என்றைக்கு வந்தது, பதில் என்றைக்குப் போனது என்று தேதி குறித்துக்கொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் தபால் முத்திரைதான் சாட்சி. மொழி தெரியாத நாட்டுக்காரர்கள் ஆடுவதால், பிற்காலத்தில் எழுத்தே வேண்டாமென்று கட்டங்களுக்கு எண் கொடுத்தார்கள். ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் போனால் 5254. அவ்வளவுதான். ஐந்தாவது வரிசையின் இரண்டாம் கட்டத்திலிருந்து நாலாம் கட்டத்துக்கு.

மெயில் டிரான்ஸ்ஃபர், டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் காலத்தில் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. வந்த செய்தியைச் சரிபார்க்கச் சங்கேத எண், திருப்பி உறுதி செய்வது, தேதி முத்திரை. எழுதி அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது என்பதும் அதே மாதிரிதான்.

திரும்பப் பெற முடியாது என்பதற்குச் செஸ் ஆடுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. கார்டு மிச்சம் பிடிப்பதற்காக, நீங்கள் இதை ஆடினால் நான் அதை ஆடுவேன் என்று நிபந்தனையோடு முன்கூட்டியே எழுதலாம். ஒருவர் ஆட்ட ஆரம்பத்திலேயே, உங்கள் அடுத்த நகர்த்தல் எதுவாக இருந்தாலும் என் பிஷப் இந்தக் கட்டத்துக்கு வரும் என்று எழுதிவிட்டார். எதிராளி பார்த்தார். தன் பிஷப்பைக் கொண்டுபோய் எளிதாக வெட்டக்கூடிய இடத்தில் வைத்தார். வெட்டியிருக்கலாம். ஆனால் எதுவாக இருந்தாலும் என்று எழுதிக் கொடுத்தாயிற்றே. முதலில் பிஷப் போனது, பின்னாலேயே மூலையில் நின்ற யானையும் போனது. இது கெரெஸுக்கு நடந்ததல்ல, யாருக்கு நடந்தது என்பதை விட்டுவிடுவோம். ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்க்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

கெரெஸ் ஒரே சமயத்தில் 150 ஆட்டம் வரை தபாலில் ஆடியிருக்கிறார். உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கார்டு போய்ப் பதில் வர இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால், 150 ஆட்டத்துக்குத் தினம் சராசரியாகப் பத்துக் கார்டாவது எழுத வேண்டும். நாற்பது நகர்த்தலில் முடிகிற ஆட்டம் ஒன்றரை வருடம் ஓடும். இதற்கு நடுவில் பள்ளிக்கூடமும் போக வேண்டும்.

இத்தனை ஆட்டம் இருந்ததால் அவருக்கு ஒரு சௌகரியம். பத்து ஆட்டத்தில் முரட்டுத்தனமாக எதையாவது செய்து பார்க்கலாம், தோற்றாலும் பாக்கி 140 இருக்கிறது. நாலாவது நகர்த்தலிலேயே ராஜாவைக் கோட்டைக்குள் ஒளிக்காமல் வெளியே நடக்கவிடும் ஒரு தொடக்கம் உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற பயிற்சியாளர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அதைத் தபால் ஆட்டங்களில் கெரெஸ் பலமுறை ஆடினார், இன்றும் அந்தத் தொடக்கத்துக்கு அவர் பெயரும் சொல்லப்படுகிறது. நேருக்கு நேர் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் புருவத்தைத் தூக்கினாலே பாதிப் பேருக்குத் துணிச்சல் போய்விடும். கார்டுக்குப் புருவம் கிடையாது. முகம் பார்க்காமல் ஆடுவதன் லாபம் இதுதான் என்பது என் கட்சி.

1935-இல் சர்வதேசத் தபால் செஸ் சங்கத்தின் சாம்பியன் பட்டத்தை வென்றார். அதே வருடம் எஸ்தோனிய சாம்பியன். அதே வருடம் வார்சாவில் நடந்த ஒலிம்பியாடில் தன் நாட்டின் முதல் பலகையில் உட்கார்ந்தார். வயது 19. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் அந்த ஒல்லிப் பையனை அங்கேதான் நேரில் பார்த்தார்கள். மாமேதை என்று பேர் வாங்கிய அலெகின் அங்கே அவரைத் தோற்கடித்தார். இரண்டே வருடத்தில், 1937-இல் இங்கிலாந்தின் மார்கேட் நகரில், அதே அலெகினை 23 நகர்த்தலில் முடித்தார் கெரெஸ். ராணியைப் பலி கொடுத்து ஆட்டத்தை முடித்த அந்தக் கடைசி நகர்த்தலை இன்றும் புத்தகங்களில் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

பிறகு ஏறுமுகம்தான். டார்ட்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டே போட்டிகளுக்குப் போய்வந்தார். டென்னிசும் நன்றாக ஆடுவார். 1938-இல் நெதர்லாந்தில் ஆவ்ரோ போட்டி. உலகத்தின் தலைசிறந்த எட்டுப் பேர் மட்டும். அலெகின், கபாபிளாங்கா, யூவே, போட்வின்னிக் எல்லோரும் அதில் உண்டு. கெரெஸும் அமெரிக்கரான ரூபன் ஃபைனும் சம புள்ளியில் முதலிடம். கூடுதல் கணக்கில் கெரெஸுக்கு முதல் பரிசு. அடுத்து உலகப் பட்டத்துக்கு அலெகினோடு மோத வேண்டியவர் இவர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வயது 22.

1939 செப்டம்பரில் அவர் தென் அமெரிக்காவில், பியூனஸ் ஐரிஸ் ஒலிம்பியாடில் ஆடிக்கொண்டிருந்தார். போட்டி நடக்கும்போதே ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்டது. எஸ்தோனியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பலர் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார்கள். போலந்தின் நாய்டோர்ஃப் தங்கினார். எஸ்தோனிய அணியிலேயே இல்மர் ரவுட் என்பவர் தங்கினார், இரண்டே வருடத்தில் அங்கேயே இறந்தும் போனார். கெரெஸ் வீடு திரும்பினார்.

திரும்பியதிலிருந்து அவர் வாழ்க்கையின் பலகையில் காய்களை வேறு யாரோ நகர்த்த ஆரம்பித்தார்கள். 1940-இல் சோவியத் யூனியன் எஸ்தோனியாவை எடுத்துக்கொண்டது. கெரெஸ் சோவியத் ஆட்டக்காரர் ஆனார். 1941-இல் மரியாவைத் திருமணம் செய்துகொண்டார், அந்தக் கோடையிலேயே ஜெர்மானியப் படை வந்தது. ஜெர்மனியின் பிடியில் இருந்த ஐரோப்பாவில் நடந்த போட்டிகளில் ஆடினார். ஆடாமல் இருந்திருக்கலாமே என்று இன்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். ஊரை விட்டு வெளியே போக, குடும்பத்துக்குச் சோறு போட அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். 1944-இல் நடுநிலை நாடான ஸ்வீடனில் ஆடப் போனவர் அங்கேயே இருந்துவிட்டிருக்கலாம். மனைவியும் பிள்ளைகளும் எஸ்தோனியாவில். மறுபடி வீடு திரும்பினார். சோவியத் படை மீண்டும் நெருங்கியபோது குடும்பத்தோடு கடல் தாண்டிவிடப் பார்த்தார். அது பலிக்கவில்லை.

தபால் ஆட்டமும் அந்தப் போரில்தான் நொறுங்கியது. எண்ணும் எழுத்துமாக ஒரு கார்டு நாடு தாண்டிப் போனால் தணிக்கை அதிகாரிக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? கெரெஸுக்குப் பட்டம் கொடுத்த சங்கமே போரோடு முடிந்துபோனது. அதன் இடத்தில் இன்றிருக்கும் அமைப்பு 1951-இல் வந்தது.

போர் முடிந்த சூட்டோடு, 1945 செப்டம்பரில், மாஸ்கோவில் பத்துப் பேரும் அமெரிக்காவில் பத்துப் பேரும் உட்கார்ந்து வானொலி மூலம் நகர்த்தல்களைச் சொல்லி ஒரு பெரும் போட்டி நடந்தது. சோவியத் அணி 15½–4½ என்று நசுக்கியது. தூரத்து எதிராளியோடு ஆடுவதில் உலகத்தில் அவரைவிடப் பழகியவர் இருந்திருப்பாரா? அந்த அணியில் கெரெஸ் இல்லை. ஜெர்மானியர் காலத்தில் ஆடியவர் என்பதால் விசாரணை, சந்தேகம், ஒதுக்கிவைப்பு. உயிரோடும் பலகையோடும் தப்பியதே பெரிது என்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் எத்தனையோ எஸ்தோனியர்கள் சைபீரியாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

1947-இல் சோவியத் சாம்பியன் பட்டத்தையே வென்று திரும்பி வந்தார். 1950, 1951-இலும் அதே பட்டம்.

நடுவில் 1948. உலக சாம்பியனாகவே அலெகின் இறந்துபோனதால், காலியான நாற்காலிக்கு ஐந்து பேர் ஹேகிலும் மாஸ்கோவிலும் மோதினார்கள். போட்வின்னிக் 14 புள்ளியோடு சாம்பியன். ஸ்மிஸ்லோவ் 11. கெரெஸும் ரெஷெவ்ஸ்கியும் 10½. போட்வின்னிக்கோடு ஐந்து ஆட்டத்தில் முதல் நாலையும் கெரெஸ் தோற்றார். பட்டம் முடிவான பிறகு ஐந்தாவதை ஜெயித்தார். மேலிடத்தின் மிரட்டலால் தோற்றுக் கொடுத்தாரா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்று வரை ஓயவில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வவுச்சர் இல்லாமல் எந்தப் பதிவும் போடக் கூடாது என்று எனக்கு முதல் நாளே சொல்லித்தந்தார்கள். இதற்கு வவுச்சர் கிடையாது. போட்வின்னிக் அந்த வருடம் எல்லோரையும்விட நன்றாக ஆடினார் என்பதும் உண்மை. நாலு வருடம் முன்பு கைது பயத்தில் இருந்த மனிதர், அதே அரசாங்கத்தின் செல்லப் பிள்ளையோடு மாஸ்கோவில் உட்கார்ந்து ஆடும்போது யாரும் மிரட்ட வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்பதும் எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு உலகப் பட்டத்துக்கு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி. 1953-இல் இரண்டாமிடத்தில் இன்னும் இருவரோடு சமம். 1956-இல் இரண்டாமிடம். 1959-இல் இரண்டாமிடம். 1962-இல் குராசாவ் தீவில் அரைப் புள்ளியில் பெட்ரோசியனிடம் விட்டார், மறுபடி இரண்டாமிடம். அந்த அரைப் புள்ளி போனதும் எப்படி? கடைசிக்கு முந்தைய சுற்றில், அதுவரை தன்னை ஜெயித்தே இராத பால் பென்கோவிடம் தோற்றார். பத்து வருடமாக ஒவ்வொரு முறையும் கதவு வரை வந்து திரும்பியவர். நித்திய இரண்டாமவர் என்று பட்டப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனால் கபாபிளாங்கா முதல் ஃபிஷர் வரை ஒன்பது உலக சாம்பியன்களை ஏதாவது ஒரு ஆட்டத்திலாவது தோற்கடித்தவர் அவர்.

நேரில் பழகியவர்கள் எல்லோரும் அவரைப் பண்பான மனிதர் என்றே சொல்லியிருக்கிறார்கள். கோட்டு, டை, நேராக நிமிர்ந்த உட்காரல், தோற்றாலும் எதிராளியோடு உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பொறுமை. இது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. ஒன்றரை வருடம் ஒரே ஆட்டத்துக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தவருக்குப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

1975 மே மாதம் கனடாவின் வான்கூவரில் ஒரு போட்டி. வயது 59. முதலிடம் அவருக்கே. திரும்பும் வழியில் ஜூன் 5 அன்று ஹெல்சின்கியில் மாரடைப்பில் இறந்தார். ஹெல்சின்கியிலிருந்து எஸ்தோனியத் தலைநகர் தாலின் கடலுக்கு அந்தக் கரை, சுமார் 80 கிலோமீட்டர். பியூனஸ் ஐரிஸிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வீடு திரும்பியவருக்கு அந்த 80 கிலோமீட்டர் மட்டும் மிச்சமாகிவிட்டது.

தாலினில் இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். மொத்த எஸ்தோனியாவின் மக்கள்தொகையே அப்போது 14 லட்சத்தைச் சுற்றித்தான். பழைய எதிராளியும் அப்போதைய உலக செஸ் கூட்டமைப்பின் தலைவருமான யூவே வந்திருந்தார். சொந்தக் கொடியைக்கூட வெளிப்படையாக ஏற்ற முடியாத காலம் அது. அத்தனை பேரும் ஒரு செஸ் ஆட்டக்காரருக்காக மட்டும் தெருவுக்கு வந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

1991-இல் எஸ்தோனியா மறுபடி தனிநாடானது. 1992 ஜூனில் ரூபிளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் சொந்தப் பணமான குரோனை வெளியிட்டது. அதில் ஐந்து குரோன் நோட்டின் முன்பக்கத்தில் கெரெஸின் முகமும் செஸ் பலகையும், பின்பக்கத்தில் அவர் பிறந்த நார்வாவின் கோட்டையும். நோட்டில் மன்னர்கள், தலைவர்கள், கவிஞர்கள் படம் நிறையப் பார்த்திருக்கிறேன். செஸ் ஆடியவருக்கு நோட்டில் இடம் கொடுத்த நாடு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் பெரிய மதிப்பு நோட்டில் அல்ல, ரொட்டி வாங்க, பஸ் ஏற என்று கைக்குக் கை மாறும் சில்லறை நோட்டில். அரசாங்கம் யோசித்துத்தான் செய்திருக்கும்.

2011 ஜனவரி 1 முதல் அங்கே யூரோ வந்துவிட்டது. 15.6466 குரோனுக்கு ஒரு யூரோ என்று மாற்றிக் கொடுத்தார்கள். 2016-இல், அவர் பிறந்து நூறு வருடம் ஆனபோது, இரண்டு யூரோ நாணயத்தில் மறுபடி அவரைப் பொறித்தார்கள். யூரோ நாணயம் எந்த நாட்டில் அடித்தாலும் யூரோ புழங்கும் நாடெல்லாம் செல்லும். ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் குடியிருப்பினர் சில்லறை வாங்கும்போது கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.